பத்துச் சரக்கு

குன்றத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டிடிபி கடை. போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணியும் நானும் அங்கே உட்கார்ந்திருந்தோம். அண்ணி வீட்டிலேயே குழம்புத்தூள் அரைத்து விற்கிறார். அனகாபுத்தூர், பம்மல், மாங்காடு வரைக்கும் வாடிக்கை உண்டு. இத்தனை நாளும் கவரில் போட்டு ஒட்டி, மேலே மார்க்கரில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது உணவுப் பாதுகாப்புப் பதிவு கைக்கு வந்துவிட்டது, இனி ஒழுங்காக லேபிள் வேண்டும்.

கடைத் தம்பி வேலையில் கெட்டிக்காரன். திரையில் ஒரு சிவப்பு மிளகாய்ப் படத்தை வைத்து, மேலே ஆங்கிலத்தில் ‘ஹோம்மேட் ஸ்பைஸஸ்’ என்று அடித்தான். அதற்குக் கீழே கர்சரை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

“ஸ்பைஸஸுக்குத் தமிழ்ல என்னக்கா போடறது?”

நான் சட்டென்று ‘வாசனைத் திரவியங்கள்’ என்றேன். ஊதுபத்தி என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார் அண்ணி. சரி, ‘நறுமணப் பொருட்கள்’? தம்பியே அடித்துக் காட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அண்ணி ஒரு நிமிடம் அதையே பார்த்தார். “யாராவது கடையில போய் அரைக் கிலோ நறுமணப் பொருள் குடுங்கன்னு கேட்டிருக்காங்களா?” கடைசியில் ‘மசாலா’ என்று தம்பி சொன்னான். அதற்குத்தான் அண்ணி பலமாகத் தலையாட்டி மறுத்தார். “மசாலான்னு போட்டா பட்டை, லவங்கம் சேர்த்திருக்குன்னு நினைப்பாங்க. நம்ம தூள்ல அது எதுவும் கிடையாது. சாம்பாருக்கும் இதேதான், மீன் குழம்புக்கும் இதேதான். நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

திங்கட்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்தோம். அந்த இரண்டு ராத்திரி இந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. உலகத்துக்கே மிளகும் இஞ்சியும் ஏலமும் அனுப்பிய கரையில் பிறந்த மொழியில் இதற்கு ஒரு சொல் இல்லையா? கேள்வியே சுருக்கென்று தைத்தது. அகராதிகளையும் பழைய புத்தகங்களையும் இழுத்துப் போட்டு உட்கார்ந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘ஸ்பைஸ்’ என்ற சொல்லே சமையலறையில் பிறந்தது இல்லை. லத்தீனில் ‘ஸ்பீசிஸ்’ என்றால் தோற்றம். பார்ப்பது என்னும் பொருள் கொண்ட வேரிலிருந்து வந்தது. தோற்றத்தை வைத்துத்தானே வகை பிரிக்கிறோம், அதனால் வகை என்று பொருள் விரிந்தது. பிற்கால லத்தீனில் வகைவகையான சரக்கு என்று ஆயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு 13ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்து சேரும்போது, சரக்குகளிலேயே விலை உயர்ந்தவையும் தூரதேசத்திலிருந்து வருபவையுமான மிளகு, பட்டை, சுக்கு முதலியவற்றின் பெயராக அது சுருங்கிவிட்டது. உயிரியல் பாடத்தில் படித்த ‘ஸ்பீசிஸ்’ இதே சொல்தான். ‘ஸ்பெஷல்’ இதன் உடன்பிறப்பு. மெஸ் வாசலில் ‘ஸ்பெஷல் மீல்ஸ்’ என்று எழுதிய போர்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது மிளகு ஞாபகம் வருகிறது.

இந்தப் பொருள் மாற்றம் நடந்த இடத்தைக் கிட்டத்தட்டக் கையால் தொட்டுவிடலாம். 533இல் ஜஸ்டினியன் அரசர் தொகுத்த ரோமச் சட்ட நூலில் ஒரு சுங்கப் பட்டியல் இருக்கிறது. மார்க்கஸ் அரேலியஸ் காலத்தைச் சேர்ந்த, அதாவது 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பட்டியல். வரிக்கு உட்பட்ட ‘ஸ்பீசிஸ்’ என்று தொடங்கி, பட்டை, திப்பிலி, வெள்ளை மிளகு, இஞ்சி, ஏலம் என்று வரிசையாகப் போகிறது. அங்கே நிற்கவில்லை. யானைத் தந்தம், முத்து, இந்திய இரும்பு, பட்டு, கடைசிப் பக்கத்தில் சிங்கம், சிறுத்தை கூட வருகின்றன. அந்தச் சுங்க அதிகாரிக்கு இஞ்சியும் ஸ்பீசிஸ், சிங்கமும் ஸ்பீசிஸ். துறைமுகத்தில் வந்து இறங்குவது எல்லாம் அவருக்கு ஒரே தலைப்புத்தான். அந்தப் பட்டியலில் கறுப்பு மிளகு மட்டும் இல்லை. எல்லார் வீட்டிலும் வேண்டிய பொருளாகிவிட்டதால் விட்டிருக்கலாம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆக இது வியாபாரியின் சொல், வரி வாங்குபவரின் சொல். எங்கிருந்தோ மூட்டையில் வந்து இறங்குவதை மொத்தமாகச் சுட்ட ஒரு சொல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. கொல்லையில் இஞ்சி பறிப்பவளுக்கு அது இஞ்சி, அவ்வளவுதான்.

பிரெஞ்சில் ஸ்பைஸ் விற்றவர் ‘எப்பிசியே’. இன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் பொருள் மளிகைக்காரர். ‘எப்பிசரி’ என்றால் மளிகைக் கடை. பழைய பிரான்சில் வழக்கு ஜெயித்தவர்கள் நீதிபதிக்கு நன்றியாக இந்தச் சரக்குகளையே கொடுத்தார்களாம். போகப்போக அது கட்டாயக் கட்டணமாகி, காசாக வாங்கிய பிறகும் ‘எப்பிஸ்’ என்றே பெயர் நின்றது.

மளிகைக் கடை என்று படித்ததும் எனக்கு விளக்கு எரிந்தது. நம் ஊரில் அதற்கு இன்னொரு பெயர் என்ன? பலசரக்குக் கடை. ஸ்பீசிஸ் என்பதை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தாலும் இதைவிடப் பொருத்தமாக வராது! ‘மசாலா’வையும் தேடினேன். அரபியில் ‘மஸாலிஹ்’, காரியத்துக்கு வேண்டிய பொருட்கள் என்று பொருள். பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. இந்திக்காரர்கள் கட்டடத்துக்குக் குழைக்கும் கலவையையும் மசாலா என்றுதான் சொல்கிறார்கள். லத்தீன், அரபி, தமிழ் என மூன்று மொழியும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்து நின்றிருக்கின்றன. பொருள், சாமான், சரக்கு.

எங்கள் ஆயா ‘சரக்கு’ என்றுதான் சொல்வார். என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வந்து, “சரக்கெல்லாம் சரியா இருக்கா பாரு” என்று முந்தானையில் கட்டி வந்ததைப் பிரித்து வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம். நாங்கள் சின்னப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்தோம். சித்த மருத்துவ நூல்களிலும் இவற்றுக்குக் கடைச்சரக்கு என்றே பெயர். வளசரவாக்கத்தில் இருக்கும் ஈழத்துத் தோழி ஒருத்தியிடம் கேட்டேன். “இதென்ன கேள்வி? பிள்ளைப் பெத்தவைக்குச் சரக்குக் கறிதானே குடுக்கிறது” என்றாள். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் இன்றும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது. சென்னையில் அதைச் சாராயத்துக்குக் கொடுத்துவிட்டோம். இது எனக்கு உண்மையாகவே வருத்தம். நல்ல சொல் அது. ‘அவரிடம் சரக்கு இருக்கிறது’ என்று படித்த மனிதரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அதன் பழைய மணம் கொஞ்சம் வீசுகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். ஸ்பைஸ் எது, எது இல்லை என்பதை எங்கள் வீட்டில் யாரும் தீர்மானித்தது கிடையாது. அரசாங்கம் தீர்மானித்திருக்கிறது. 1986ஆம் ஆண்டின் நறுமணப் பொருள் வாரியச் சட்டத்தின் பின்னிணைப்பில் 52 பெயர்கள் உண்டு. கொச்சியில் தலைமையகம் கொண்ட வாரியம் அந்தச் சட்டத்தின் பிள்ளை. மிளகு, ஏலம், மஞ்சள் இருக்கும், தெரிந்ததுதான். பூண்டு இருக்கிறது. கறிவேப்பிலை, புதினா, மாதுளை விதை, வசம்பு இருக்கிறது. புளியும் இருக்கிறது! அண்ணியிடம் சொன்னேன். “புளி எப்படிப்பா அதுல வரும்? புளி புளிதான்” என்றார். சுங்கத் துறையின் கணக்கு வேறு. அங்கே 9ஆம் அத்தியாயம் காபி, டீயோடு ஸ்பைஸும் சேர்ந்தது. பூண்டு காய்கறியோடு 7இல், உலர்ந்த புளி பழங்களோடு 8இல். ஒரே அரசாங்கத்தின் இரண்டு பட்டியலே ஒத்துப்போகவில்லை. சிங்கத்தோடு இஞ்சியைச் சேர்த்த அந்த ரோமத்து அதிகாரியின் மேல் எனக்கு இப்போது கொஞ்சம் பரிவு வந்திருக்கிறது.

எங்கள் ஊர்க்காரரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. குன்றத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முருகன் மலை. எங்களுக்குச் சேக்கிழாரும்தான். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக இருந்து பெரிய புராணம் பாடியவர், இங்கே நாகேஸ்வரர் கோயில் எழுப்பியவர். அவருக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்? ‘கறி’ என்ற ஒரு சொல்.

சங்க காலத்தில் கறி என்றால் மிளகு. அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனர்களின் மரக்கலம் பொன்னோடு முசிறிக்கு வந்து கறியோடு திரும்புகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் கறி மூட்டைகள் கிடக்கின்றன. எகிப்தின் செங்கடற்கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, அங்கிருந்த கோயில் முற்றத்தில், இந்தியாவில் வனைந்த ஒரு பெரிய ஜாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. இரண்டாயிரம் வருடப் பழசு. அதை இங்கிருந்து ஏற்றி அனுப்பிய ஆள் ‘கறி’ என்று சொல்லித்தான் அளந்து கொட்டியிருப்பார்.

சேக்கிழாரிடம் வரும்போது அதே சொல் மாறியிருக்கிறது. இளையான்குடி மாறனார் கதையில் நடுராத்திரி, கொட்டும் மழை, வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அடியார் வந்துவிட்டார். விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வருகிறார் மாறனார். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. கொல்லையில் வளர்ந்தும் வளராத இளம் பயிரை இருட்டில் தடவிப் பறித்து வந்து மனைவியிடம் கொடுக்கிறார். அந்த அம்மா ஒரே பயிரைத் தன் கைத்திறத்தால் வேறு வேறு கறியாக ஆக்கி வைக்கிறார். இங்கே கறி மிளகு இல்லை, சமைத்த பதார்த்தம். மிளகு சேர்த்துச் செய்ததற்கே மிளகின் பெயர் நின்றுவிட்டது போலும். இதை நான் எத்தனையோ முறை கோயில் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். இந்த முறை படித்தபோதுதான் வகை என்பது எங்கே இருக்கிறது என்று உறைத்தது. ஏழெட்டு டப்பா இல்லாத அடுக்களையில், ஒற்றைப் பயிரில், அந்த அம்மாவின் கையில்.

அதற்கப்புறம் கறி எங்கெங்கோ போயிற்று. ஐயர் வீட்டில் கறி என்றால் வதக்கிய காய். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை கறி என்றால் ஆட்டுக்கறிதான். போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் ஆங்கிலத்தில் ‘கரி’ ஆயிற்று. 1747இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற அம்மா போட்ட சமையல் புத்தகத்தில் இந்திய முறைக் கரி இருக்கிறது. அதில் அவர் சேர்க்கச் சொல்வது மிளகும் வறுத்த கொத்தமல்லி விதையும். மிளகாய் இல்லை. அண்ணியின் தூளில் இருக்கும் இரண்டு சரக்கு அங்கே அப்போதே போய்விட்டது!

மிளகாயே நமக்குப் புது உறவுதானே. 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. மிளகு மாதிரி எரிகிற காய், அதனால் மிளகாய். கொலம்பஸ் வகையறாவும் அதற்கு மிளகின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆங்கிலத்தில் இன்றும் இரண்டுமே ‘பெப்பர்’. அந்த ‘பெப்பர்’ திப்பிலியின் வடமொழிப் பெயரான பிப்பலியிலிருந்து போனது. ‘ஜிஞ்சர்’ நம் இஞ்சிவேர். பெயர்களும் மூட்டையோடு கப்பல் ஏறியிருக்கின்றன.

மிளகாய் வந்த பிறகுதான் ‘ஸ்பைசி’ என்ற சொல் குழப்பத்தில் விழுந்தது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஸ்பைசி’ என்றால் மணமா, எரிச்சலா? மசாலா டீயும் ஸ்பைசி, ஆந்திரா ஆவக்காயும் ஸ்பைசி. ‘ஹாட்’ என்றாலோ சூடா, காரமா? அந்தக் குழப்பத்துக்கு உடம்பிலேயே ஒரு காரணம் உண்டு. 1997இல் ஆய்வாளர் டேவிட் ஜூலியஸின் குழு கண்டுபிடித்தபடி மிளகாயின் எரிப்பையும் நெருப்பின் சூட்டையும் நரம்பில் ஒரே ஏற்பிதான் உணர்கிறது. அதற்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு மணம் வேறு, காரம் வேறு. யாழ்ப்பாணத்தில் உறைப்பு, பழைய தமிழில் கார்ப்பு. பாயசத்தில் ஏலக்காய் தட்டிப் போட்டுவிட்டு அது காரம் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. ஆனால் இந்தக் காரமும் சும்மா இருக்கவில்லை. ‘ஸ்வீட், காரம், காபி’ என்னும்போது அது மிக்சரும் முறுக்கும். வேதியியல் வகுப்பில் அமிலத்துக்கு எதிரி. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் பிள்ளைகள் ‘ஸ்பைஸ்’ என்று கேட்டால் மிட்டாய் என்று அர்த்தமாம். ஊருக்கு ஊர் நாக்கு வேறு.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை உவமையாக நிறையப் புழங்குகிறார்கள். பேச்சில் ஸ்பைஸ், கல்யாண வாழ்க்கையில் ஸ்பைஸ், கிசுகிசு ஸ்பைசி. மொழிபெயர்ப்பு வேலை செய்யும் சிநேகிதி ஒருத்தி, இந்த இடம் வந்தாலே கை நின்றுவிடுகிறது என்பாள். காரமான கிசுகிசு என்று எழுத முடியாது. தமிழில் காரமாகப் பேசினால் அது கோபம், காரசாரமான விவாதம் என்றால் சண்டை. நமக்கு வாழ்க்கையின் ருசி உப்பில் இருக்கிறது. அதனால்தான் சுவையில்லாத பேச்சு உப்புச்சப்பில்லாத பேச்சு.

அதோடு, நாம் மொத்தப் பெயரை உவமையாக்குவதே இல்லை. ஒவ்வொரு சரக்கையும் அதனதன் குணம் அறிந்து எடுக்கிறோம். ஏமாற்றுகிறவன் தலையில் மிளகாய் அரைக்கிறான். வாழ்ந்து கெட்ட வீடு பெருங்காய டப்பா, காலியானாலும் வாசனை போகாது. வேலை முடிந்ததும் ஒதுக்கப்பட்டவர் கறிவேப்பிலை. சின்னது கடுகளவு, அந்தக் கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. மஞ்சளைச் சொன்னால் கல்யாணம், குங்குமம், தாலிக்கயிறு எல்லாம் கூடவே வரும். கோபத்தில் திட்டினால் தாளித்துவிட்டாள். இதையெல்லாம் ‘ஸ்பைஸ்’ என்ற ஒரு டப்பாவில் போட்டு மூடினால் எத்தனை பேச்சு செத்துப்போகும்! சொல் இல்லையே என்று சனிக்கிழமை எனக்கு வந்த குறை இந்த இடத்தில்தான் கரைந்தது. தினமும் கையால் எடுத்துப் போடுகிறவர்களுக்குத் தனித்தனிப் பெயர்தான் தேவை. கப்பலில் வந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு மொத்தப் பெயர் தேவைப்பட்டது.

ஞாயிறு இரவு அண்ணி வீட்டு அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். இப்போது எவர்சில்வர், அறை ஏழு, பெயர் மட்டும் அஞ்சறை. கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள்தூள். அதோடு உளுத்தம்பருப்பும் கடலைப்பருப்பும். எந்த ஸ்பைஸ் பட்டியலிலும் உளுத்தம்பருப்புக்கு இடம் கிடையாது. நம் பெட்டியிலோ கடுகுக்கு அடுத்த அறை அதற்குத்தான். எண்ணெயில் சேர்ந்து விழுகிறவை சேர்ந்து இருக்கின்றன.

அப்போதுதான் அண்ணியின் தூளை எண்ணத் தோன்றியது. மிளகாய், தனியா, மிளகு, சீரகம், வெந்தயம், கடுகு, விரலி மஞ்சள். இந்த ஏழும் ஸ்பைஸ். மிச்சம் மூன்று: துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, ஒரு கைப்பிடி பச்சரிசி. குழம்பு திக்காக வருவது இந்த மூன்றால்தான். பருப்பும் அரிசியும் ஸ்பைஸும் இல்லை, மசாலாவும் இல்லை, நறுமணப் பொருளும் இல்லை. தம்பி திரையில் அடித்திருந்த எந்தச் சொல்லும் அண்ணியின் கவருக்குள் இருப்பதை முழுக்கச் சொல்லவில்லை. சரக்கு சொல்லும். பத்துமே சரக்கு.

நம் முன்னோர் எண்ணித்தான் பெயர் வைத்தார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தால் திரிகடுகம். அந்தப் பெயரில் நல்லாதனார் ஒரு நூலே எழுதினார். ஏலம் முதலாக ஆறு சேர்ந்தால் ஏலாதி. அது கணிமேதாவியார் நூலின் பெயர். நீதி சொல்ல வந்த புத்தகத்துக்கு நாட்டு மருந்துக் கடையிலிருந்து பெயர் எடுக்கும் அளவுக்கு இந்தச் சரக்குகளை மதித்தவர்கள்.

திங்கட்கிழமை காலையில் அண்ணியிடம் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார். “சரக்குன்னு போட்டா என்னப்பா நினைப்பாங்க? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல விக்கிறது வேற.” வெறும் சரக்கு இல்லை அண்ணி, முன்னால் எண்ணைப் போடுங்கள் என்றேன். ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, தன் அம்மாவும் பிரசவ லேகியத்துக்குச் சரக்கு என்றுதான் சொல்வாள் என்று மெதுவாகச் சொன்னார்.

கடைத் தம்பி ‘ஹோம்மேட் ஸ்பைஸஸ்’ என்பதை அழித்தான். மிளகாய்ப் படத்தையும் கொஞ்சம் சின்னதாக்கி ஓரத்துக்குத் தள்ளினான். நடுவில் பெரிய எழுத்தில்: ‘பத்துச் சரக்குக் குழம்புத்தூள்’. கீழே பத்துப் பெயரும், எடை அதிகமானது முதலில் வரும்படி. தனியா முதல் இடம், மிளகாய் இரண்டாவது. அடித்து முடித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டான்.

“தனியாவா, கொத்தமல்லியாக்கா?”

“நாங்க தனியான்னுதான் சொல்லுவோம்,” என்றார் அண்ணி. “அப்படியே போடுப்பா.”